சனிக்கிழமைப் பயிற்சியா, ஐந்து நாள் முகாமா, இரண்டு ராத்திரி தங்கும் முகாம்களா? ஜாம்போரிக்கு ஒரு சாரணர் படையைத் தயார்செய்வது

தேசிய ஜாம்போரிக்கு, அதாவது பல மாநிலச் சாரணர்கள் ஒரு வாரம் கூடித் தங்கும் பெருமுகாமுக்கு, படையைக் கூட்டிப் போகிறோம் என்று முடிவானதும் பள்ளிக்கூடத்தில் வரும் முதல் கேள்வி, "மார்ச் பாஸ்டுக்கு யார் யார்?" அடுத்தது, "டான்ஸுக்கு எந்தப் பிள்ளைகள்?" இந்த இரண்டையும் நான் கடைசியில்தான் வைப்பேன். ஒரு வாரம் கூடாரத்தில் படுத்து, குழாயடியில் வரிசையில் நின்று, பழகாத சாப்பாட்டைச் சாப்பிட்டு, மறுநாள் விடிகாலையில் சீருடையும் கழுத்துத் துணியுமாகக் கொடியேற்றத்துக்கு நேரத்தில் வந்து நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு அணிவகுப்பைப் பத்து நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அணிவகுப்பு மட்டும் தெரிந்த பிள்ளைக்கு மற்றதைப் போன இடத்தில் சொல்லிக் கொடுக்க முடியாது. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தக் கணக்கில்தான். உங்கள் கணக்கு வேறாக இருந்தால், மேடைப் பரிசுதான் முக்கியம் என்றால், விடையும் வேறாகத்தான் வரும்.

முதலில் நாள்காட்டி. பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் பெரிய கூடல்கள் சமீப காலத்தில் எல்லாம் குளிர்காலத்தில்தான் நடந்திருக்கின்றன. 17ஆவது தேசிய ஜாம்போரி மைசூரு பக்கம், 2016 டிசம்பர் கடைசியில் தொடங்கிப் புத்தாண்டைத் தாண்டிப் போனது. 18ஆவது ராஜஸ்தானின் பாலி மாவட்டத்து ரோகட்டில், 2023 ஜனவரி 4 முதல் 10 வரை. வைர விழாப் பெருந்திரளணி கடலூர்க்காரர்களான நமக்குப் பக்கத்திலேயே மணப்பாறை சிப்காட்டில், 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை. 19ஆவது லக்னோவில், 2025 நவம்பரில். வடக்கே இருப்பவர்களுக்கு இதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் வெளியில் பயிற்சி செய்ய அருமையான காலம். கடலூர்க்காரர்களுக்கு அதுதான் மழைக்காலம். தானே புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. 2015இல் நவம்பர் டிசம்பர் முழுக்க வெள்ளம். 2024இல் நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை கரை மீறி ஊருக்குள் வந்தது. அக்டோபர் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு மைதானத்தை நம்பி எந்தத் திட்டமும் போட முடியாது. இதோடு செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. ஆக உண்மையில் கையில் இருப்பது ஜூலை தொடங்கி காலாண்டு விடுமுறை வரை உள்ள காலம்தான். சுற்றறிக்கை வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் அதுவும் போய்விடும்.

சனிக்கிழமைப் பயிற்சி

பெரும்பாலான பள்ளிகள் எடுக்கும் வழி இது. சனிக்கிழமை காலை இரண்டு மூன்று மணி நேரம், பள்ளி மைதானம், வெயில் ஏறுவதற்குள் வீடு. செலவு இல்லை. பெற்றோர் மறுப்பதில்லை. தலைமையாசிரியரிடம் தனியாக அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. உறுதிமொழி, சாரணர் விதிகள், முடிச்சுகள், முதலுதவிக் கட்டு, கொடி ஏற்றும் முறை என்று திரும்பத் திரும்பச் செய்து கைக்கு வர வேண்டியவற்றுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. போலைன் முடிச்சை ஒரே நாளில் இருபது தரம் போடுவதைவிட நான்கு வாரம், வாரத்துக்கு ஐந்து தரம் போடுகிற பையனுக்குத்தான் அது மறக்காமல் நிற்கிறது.

ஆனால் சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்ச நாளில் அது ஒத்திகையாக மாறிவிடும். அணிவகுப்பும் நடனமும் மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற வேலை. தலைமையாசிரியர் மாடியிலிருந்து பார்க்கிறார், பெற்றோர் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். அதனால் ஆசிரியரின் கையும் அதிலேயே நின்றுபோகிறது. அப்புறம், பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே தூங்கிவிடுகிறது. பன்னிரண்டு வாரம் இப்படிப் பயிற்சி பெற்ற பிள்ளை எப்படித் தூங்கும், எதைச் சாப்பிடாது, யாரோடு சண்டை போடும், ராத்திரி அழுமா என்று ஆசிரியருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. ஜாம்போரியில் தெரிய வேண்டியது அதுதான்.

ஐந்து நாள் தொடர் முகாம்

காலாண்டு விடுமுறையில் ஒரே மூச்சாக நான்கைந்து நாள் தங்கவைப்பது. சனிக்கிழமைப் பயிற்சிக்கு நேர் எதிரான வழி. மூன்றாம் நாள்தான் பிள்ளைகளின் உண்மையான முகம் தெரியும் என்பது முகாம் நடத்தியவர்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் உற்சாகம், இரண்டாம் நாள் அலுப்பு, மூன்றாம் நாள் "சார், நான் வீட்டுக்குப் போறேன்". அந்த மூன்றாம் நாளைத் தாண்டிய பிள்ளை ஏழு நாளையும் தாண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே தொடர் முகாமுக்கு ஆதரவாகப் பேசுபவர்களை நான் மதிக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், எல்லாப் பணத்தையும் ஒரே சீட்டில் வைக்கிறோம். அந்த வாரம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் திட்டம் முழுதும் போச்சு. இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவர்களுக்கு மொத்தப் பயிற்சியும் போச்சு. ஆயுத பூஜையும் அந்த விடுமுறையில்தான் பல வருஷம் வரும், பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். இதையெல்லாம்விடப் பெரியது, முகாமில் தெரியவந்த குறையைச் சரிசெய்து திரும்பச் சோதித்துப் பார்க்க அடுத்த முகாம் கிடையாது. படைக்குள் எட்டுப் பேர் கொண்ட ஒரு அணியின் தலைவன் சமையலில் யாரையும் தொடவிடாமல் எல்லாவற்றையும் தானே செய்கிறான் என்று மூன்றாம் நாள் தெரிகிறது. சொல்லிப் புரியவைத்து, அவன் மாறினானா என்று பார்ப்பதற்குள் முகாம் முடிந்துவிடும்.

இரண்டு ராத்திரி தங்கும் முகாம்கள், மூன்று

வெள்ளி மாலை பள்ளி விட்டதும் கூடி, ஞாயிறு மதியம் கலைவது. ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, காலாண்டு முடிந்ததும் ஒன்று. நான் இதற்குத்தான் கை தூக்குவேன். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் முகாமைப் பள்ளிக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது. கழிவறை இருக்கிறது, மழை வந்தால் வகுப்பறை இருக்கிறது, பெற்றோருக்குப் பயம் இல்லை. சாரணியர் பிரிவும் சேர்ந்து வந்தால் சாரணிய ஆசிரியர் உட்பட இரண்டு பெண் ஆசிரியர்கள் ராத்திரி தங்குவது உறுதியான பிறகே நாளைக் குறிக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. இந்த முகாமின் வேலை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு அணியும் தனக்குத் தானே சமைத்துச் சாப்பிடுவது. ஜாம்போரியில் பொதுச் சமையலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் பரவாயில்லை. எட்டுப் பேர் பசியோடு ஒரு அடுப்பைச் சுற்றி நிற்கும்போது யார் வேலை செய்கிறார், யார் நழுவுகிறார், யார் சிரித்துக்கொண்டே சமாளிக்கிறார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆளுக்கு 150 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு என்று எடைபோட்டுக் கொடுத்துவிட்டு ஆசிரியர் தள்ளிப்போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

கடலோரப் பள்ளியாக இருந்தால் இங்கே ஒரு வேடிக்கையும் நடக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரில் பருப்பைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் விறகைத் தள்ளுவார்கள். "சார், வேகவே மாட்டேங்குது" என்று ஒருத்தன் கரண்டியில் எடுத்துவந்து காட்டுவான், பருப்பு முழுசு முழுசாக அப்படியே இருக்கும். உப்பும் கடினமும் ஏறிய தண்ணீரில் பருப்பு மசியாது. வீட்டில் அம்மா சமையலுக்கு மட்டும் ஏன் கேன் தண்ணீர் வாங்குகிறார் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கும். ராத்திரி எட்டரைக்கு ரசமும் அப்பளமும் வைத்துச் சமாளித்த அணி, அடுத்த முகாமுக்கு முதல் வேலையாகத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்கும். இரண்டு முகாமுக்கு நடுவே இருக்கும் அந்த ஒரு மாதம்தான் இந்த முறையின் பலம். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டாவது முகாம் வெளியில். இடம் எது என்பதில் ஒரு சின்ன ஒப்பீடு தேவை. எல்லோரும் உடனே சொல்வது தேவனாம்பட்டினம் சில்வர் பீச். காற்று, கடல், பிள்ளைகளுக்குக் குஷி. ஆனால் பயிற்சிக்கு அது தப்பான தரை. மணலில் கூடார முளை நிற்காது. கட்டையைப் படுக்கவைத்துப் புதைத்துத்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். ரோகட்டும் மணப்பாறையும் காய்ந்து இறுகிய தரை. அங்கே முளையை எந்தக் கோணத்தில் அடிப்பது, வளைந்த முளையை எப்படி எடுப்பது என்பதுதான் பாடம். அதற்குக் கேப்பர் மலைச் செம்மண் சரியான இடம், அல்லது பண்ருட்டிப் பக்கம் தெரிந்தவர் யாராவது முந்திரித் தோப்பை இரண்டு நாளுக்குக் கொடுத்தால் அது. கடலில் குளிக்கிறேன் என்று இறங்கும் பிள்ளைகளைக் காவல் காக்கிற வேலையும் மிச்சம்.

இந்த முகாமில்தான் கயிற்று வேலையை முழுதாகப் பார்க்க வேண்டும். மூங்கிலுக்கு அலைய வேண்டாம், நம் மாவட்டத்தில் சவுக்குக் கம்புக்குப் பஞ்சமில்லை. காலணித் தாங்கி, தட்டு அடுக்கு, துணி உலர்த்தும் கொடி, முகப்பு வளைவு என்று ஆணி இல்லாமல் கட்டுவதுதான் முகாம் கலை. பள்ளியில் ஸ்கொயர் லாஷிங், அதாவது இரண்டு கம்பைக் குறுக்காக வைத்துக் கட்டும் கட்டை, கற்றுக்கொடுக்கும்போது வழவழப்பான இரண்டு குச்சியில் கற்றுக்கொடுத்திருப்போம்: நிற்கும் கம்பில் குளோவ் ஹிட்ச் முடிச்சு, மூன்று சுற்று, நடுவில் இறுக்கிச் சுற்றும் சுற்று இரண்டு, மறுபடி குளோவ் ஹிட்ச். பட்டை உரிக்காத, ஒருபக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்த சவுக்கில் அதே கட்டு நழுவும். இன்னொன்று, பனியில் நனைந்த தேங்காய்நார்க் கயிற்றால் காலையில் கட்டினால் அப்போது கெட்டியாகத்தான் இருக்கும். ஈரத்தில் உப்பியிருந்த நார் வெயிலில் காய்ந்து மெலிந்ததும் கட்டு தளர்ந்து, பதினொரு மணிக்குத் தட்டு அடுக்கு ஒருபக்கமாகச் சாயும். இதை ஒருமுறை பார்த்த அணி, மதியம் எல்லாக் கட்டையும் மறுபடி இறுக்குவதை வேலைப் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளும். இரண்டு மணி நேர சனிக்கிழமைப் பயிற்சியில் கயிறு காய்வதற்கே நேரம் இல்லை.

மூன்றாவது முகாம், ஜாம்போரி போலவே. முழுப் பையோடு, விசில் அட்டவணையோடு, காலை ஐந்து மணிக்கு எழுந்து, கைபேசி இல்லாமல். முடிந்தால் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி விழுப்புரமோ சிதம்பரமோ போய் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து முகாமுக்குப் போவது. தன் பையைத் தானே தூக்க முடியாத பிள்ளை பையைக் குறைக்கக் கற்றுக்கொள்ளும். புதுக் காலணியை இந்த முகாமுக்கு முன்பே வாங்கிப் போட்டுப் பழக்கியிருக்க வேண்டும். ஜாம்போரி முதலுதவிக் கூடாரத்தில் கூட்டம் நிற்பது பெரும்பாலும் காலணி கடித்த கொப்புளத்துக்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. மூன்று தரம் அனுமதி வாங்க வேண்டும், மூன்று தரம் ஒப்புதல் கடிதம், ஆசிரியரின் மூன்று வார இறுதி போய்விடும். இரண்டு ராத்திரியில் அந்த "மூன்றாம் நாள் முகம்" முழுதாக வெளியே வராது என்பதும் உண்மை. காலாண்டு விடுமுறையில் வரும் கடைசி முகாமை மட்டும் மூன்று ராத்திரியாக நீட்டினால் அதுவும் ஓரளவு சரியாகிவிடும். சனிக்கிழமைகளை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. முகாம் இல்லாத வாரங்களில் முடிச்சுக்கும் அணிவகுப்புக்கும் அவை இருக்கட்டும்.

நாலாவதாக ஒரு வழியும் சொல்வார்கள்: மாநில அணியோ மாவட்டமோ நடத்தும் முன்பயிற்சி முகாமே போதும், நாம் தனியாக ஏன் செய்ய வேண்டும்? அந்த முகாமில் பல மாவட்டப் பிள்ளைகளைச் சேர்த்து மாநில நிகழ்ச்சிகளைப் பயிற்றுவிப்பதில்தான் கவனம் இருக்கும், இருக்கவும் வேண்டும். அது கடைசிப் பூச்சு. கீழே சுவர் இருந்தால்தான் பூச முடியும்.

யாரை அனுப்புவது

இதில் பள்ளிகள் இரண்டு வகை. ஒவ்வொரு அணியிலிருந்தும் கெட்டிக்காரர்களைப் பொறுக்கிப் புது அணி அமைப்பது ஒன்று. ஏற்கெனவே சேர்ந்து இருக்கும் ஒரு அணியை அதன் தலைவனோடு அப்படியே அனுப்புவது இன்னொன்று. முதல் வழியில் ஆளுநர் விருது வாங்கியவன், நன்றாகப் பாடுகிறவன், கைவேலை தெரிந்தவன் என்று எட்டு நட்சத்திரம் கிடைக்கும். ஆனால் எட்டுப் பேரும் தத்தம் அணியில் சொல்கிற இடத்தில் இருந்தவர்கள், கேட்கிற பழக்கம் குறைவு. பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் வைத்த முதல் முகாமிலேயே பையன்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த பையனைத் தலைவனாக்கினார். அந்த ஏற்பாடு இன்றுவரை மாறாததற்குக் காரணம் இருக்கிறது. பழகிய அணி என்றால் யாருக்குக் காரம் ஆகாது, யார் தூக்கத்தில் நடப்பான் என்பதுவரை தலைவனுக்குத் தெரியும். நான் பழகிய அணியை அனுப்பி, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு பேரை மட்டும் மாற்றுவேன், அதையும் ஆகஸ்ட் முகாமுக்கு முன்னால். சுற்றறிக்கையில் துவிதிய சோபானா (இரண்டாம் படி), திருதிய சோபானா (மூன்றாம் படி), எந்தப் படிநிலை கேட்கிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்து எட்டுப் பேரையும் அதற்குள் தேர்வு எழுதவைத்துவிட வேண்டும்.

வகுப்பு விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை: எட்டும் ஒன்பதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆசை இருக்கும், திறமையும் இருக்கும், ஆனால் நவம்பரிலிருந்து ஜனவரிவரை அவனைக் கேட்டு எல்லாப் பாட ஆசிரியர்களும் நம் வாசலில் நிற்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

மேடையில் எதைக் காட்டுவது

மாநிலம் முழுதும் கரகாட்டத்தைக் கொண்டுவந்து குவிக்கும். உடை வாடகை, கரகம் சுமந்து ரயிலில் போவது எல்லாம் தலைவலி. நம் பக்கத்துக்குத் தெருக்கூத்து உண்டு, ஆனால் வேஷம் கட்டவே ஒரு முழுப் பொழுது வேண்டும், மொழி தெரியாதவர்களுக்கு முன்னால் பத்து நிமிடத்தில் அது எடுபடாது. சிலம்பம் எடுபடும். மொழி வேண்டாம், உடை வேண்டாம், ஒரு பறை இருந்தால் போதும். கம்பையும் போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். உணவுக் கண்காட்சி என்றால் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். சிதம்பரத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளாத அளவுக்குச் செய்ய ஒரு முகாமில் பழகிவிடலாம். மீன்குழம்பு நம் ஊருக்கு நியாயமானதுதான், ஆனால் பாலி மாவட்டத்தில் வஞ்சிரத்துக்கு எங்கே போவது?

துணிமணியும் பயணமும்

மைசூரு, மணப்பாறை போன்ற இடம் என்றால் ஒரு போர்வை கூடுதலாக எடுத்தால் போதும். வடக்கே என்றால் கதை வேறு. கடலூரில் ஜனவரியில்கூட ராத்திரி 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ராஜஸ்தான் கூடாரத்தில் அது 10 டிகிரிக்குக் கீழே போகும், பகலிலோ வெயில் அடிக்கும். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட, உள்ளே ஒரு முழுக்கை பனியன், மேலே சட்டை, அதற்கு மேல் மெல்லிய ஸ்வெட்டர் என்று கழற்றிப் போடும்படி இருப்பதுதான் நல்லது. காலுறை நான்கு ஜோடி, காதை மூடும் குல்லா ஒன்று. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் அலைந்தால் மலிவாக முடிக்கலாம், கடையில் பள்ளி மொத்தமாக வாங்கினால் எல்லோருக்கும் ஒரே நிறம் கிடைக்கும். சீருடைக்கு மேலே தெரியும் என்பதால் இரண்டாவதுதான் சரி.

ரயிலுக்குத் தனியாகப் போவதா, மாநில அணியோடு சேர்ந்து போவதா என்றால், சேர்ந்து போவதே நிம்மதி. தனியாகப் போவதென்றால் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பரிலிருந்து இப்படி. இணையத்தில் ஒரு சீட்டில் ஆறு பேர்தான். எட்டுப் பிள்ளையும் இரண்டு ஆசிரியரும் ஒரே பெட்டியில் வருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சென்னையிலிருந்து டெல்லிக்கே ஒன்றரை நாள் பக்கம் ஆகும். அத்தனை நேரம் பிள்ளைகள் இரண்டு பெட்டியில் பிரிந்து இருந்தால் ஆசிரியருக்குத் தூக்கம் ஏது?

மூன்று முகாம் நடத்த வழியே இல்லை, ஒன்றுக்குத்தான் அனுமதி கிடைக்கும் என்ற நிலையில் இருக்கும் பள்ளிகளும் நிறைய. அப்படியானால் ஐந்து நாளாக நீட்ட வேண்டாம், விடுமுறைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆகஸ்ட் 15 வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் அந்த மூன்று நாளை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதே மாதத்தில் ஒரு சாதாரண வார இறுதி. கொடியேற்றத்துக்கு எப்படியும் படை பள்ளிக்கு வந்தாக வேண்டும். அதே நாளில் பெற்றோர் கூட்டத்தையும் வைத்து, யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள், யாருக்கு வீசிங் இருக்கிறது, யார் இதுவரை ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். அதன்பிறகும் செப்டம்பர் முழுதாகக் கையில் இருக்கும்.